இரண்டு முறை எண்ணப்பட்ட தெரு

நம் நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் பணிக்கால அனுபவம் ஒன்றை எழுதித் தரும்படி உங்கள் மேலாளர் நிவேதா கேட்டுக்கொண்டார். “ஒரு நெருக்கடியில நீங்க எப்படிச் சரியான முடிவு எடுத்தீங்கன்னு எழுதுங்க அங்கிள். ரெண்டு பக்கம் போதும்” என்றார். இரண்டு வாரம் யோசித்தேன். இருபத்தைந்து ஆண்டு வேலையில் நெருக்கடிகளுக்குக் குறைவில்லை. சரியான முடிவுகளைத்தான் தேட வேண்டியிருந்தது. தேடிக் களைத்து, கையில் கிடைத்ததை எழுதுகிறேன். இது இரண்டு பக்கத்தில் அடங்காது.

நம் தொழில் என்ன என்று ஊரில் யாராவது கேட்டால் ‘கன்சல்டிங்’ என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். உண்மையைச் சொன்னால் சிரிப்பார்கள். டெல்லி வெள்ள நிவாரணம் தரவில்லை, கடிதம் எழுதியிருக்கிறோம், மீண்டும் கடிதம் எழுதுவோம் என்ற செய்தியைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தவன் நான். அதையெல்லாம் விட்டுத் தூரமாக வந்துவிட்டோம் என்று நினைத்தேன். வந்த இடத்தில் அந்தக் கடிதத்தை எழுதுவதே என் வேலையாகிவிட்டது. டெல்லிக்குப் பதில் வாஷிங்டன், அவ்வளவுதான்.

மாநிலங்கள் கேட்கும் விதம்கூட அதேதான். நாங்கள் கட்டும் வரி அளவுக்குத் திரும்பி வருவதே இல்லை என்று நியூ ஜெர்சி மூக்கைச் சிந்தும். உங்கள் மாநிலத்தை மடித்து எங்கள் மேசை இழுப்பறையில் வைக்கலாம் என்று டெக்சஸ் மார் தட்டும். கலிபோர்னியா எதுவும் பேசாது. கடைசி நாளில், எல்லோரையும்விட அழகான வண்ணப் படங்களோடு விண்ணப்பம் அனுப்பும். ஒன்றையொன்று வாழ்நாளில் பார்த்திராத இரண்டு ஊர்கள், ஒரே பணத்துக்காக, யாருடைய வெள்ளம் பெரிய வெள்ளம் என்று சண்டை போடும். அந்தச் சண்டையை நல்ல ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பவர்கள் நாம்.

நான் சேர்ந்த புதிதில் எனக்கு வாய்த்த மேலாளர் ஒரே ஒரு விதிதான் வைத்திருந்தார். “உன் தண்ணீரைப் பற்றி மட்டும் எழுது. அடுத்தவன் தண்ணீரைப் பற்றிப் பேசாதே.” எளிய விதி. பதினேழு ஆண்டுகள் கடைப்பிடித்தேன். அதை மீற யாரும் எனக்கு வாய்ப்புக் கொடுத்திருக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

எட்டு வருடத்துக்கு முன் நடந்தது. வெள்ளத் தடுப்புக்கான மத்திய நிதி ஒன்று அப்போது அறிவிக்கப்பட்டது. நியூ ஜெர்சியின் ஆற்றோர ஊர் ஒன்றுக்கு நீரேற்று நிலையம் கட்ட நம் நிறுவனம் விண்ணப்பம் தயாரித்தது. அதைத் தலைமை தாங்கி எழுதியவன் நான். அதே நிதிக்கு, ஹூஸ்டன் பக்கத்துப் பகுதி ஒன்றின் வடிகால் திட்டத்துக்காக விண்ணப்பித்தவன் செந்தில்.

செந்திலைச் சொல்ல வேண்டும். கோயம்புத்தூரில் நான்கு வருடம் என்னுடன் சிவில் என்ஜினியரிங் படித்தவன். ஈரோட்டுக்காரன். எட்டு செமஸ்டரில் ஐந்தில் அவன் முதல் ரேங்க், நான் இரண்டாவது. மீதி மூன்றில் மாறி. இந்தக் கணக்கை நான் அவனிடம் சொன்னதில்லை. மனப்பாடமாக வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். அமெரிக்கா வந்து அவன் ஹூஸ்டனில் மாவட்ட வடிகால் அலுவலகத்தில் சேர்ந்தான், நான் ஜெர்சி சிட்டிக்கு வந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் அவன் ஃப்ரீவேயில் காரை ஓட்டிக்கொண்டே போன் செய்வான். ஒரே நிதிக்குப் போட்டி போடுகிறோம் என்று தெரிந்த அன்று, முடிவு வரும் வரை வேலையைப் பற்றிப் பேசுவதில்லை என்று இருவரும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் போடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கு அது ஒன்பதாவது செமஸ்டர்.

விண்ணப்பங்களை அனுப்பிய பிறகு, செந்திலின் மகளுக்கு ஹூஸ்டனில் அரங்கேற்றம் நடந்தது. நானும் என் மனைவி ரேவதியும் விமானம் ஏறிப் போனோம். அரங்கேற்றத்தன்று நடனமாடும் பெண்ணைவிட அதிகம் ஓடுவது அவளுடைய அப்பாதான். பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, கீழே ஓட்டக் காலணியோடு, “வாடா, ஹில்க்ராஃப்ட் கடைத்தெருவுக்குப் போய் பூவும் டிபன் ட்ரேயும் எடுத்துட்டு வந்துடலாம்” என்று என்னை வண்டியில் ஏற்றினான். பூச்சரங்கள் என் மடியில், இட்லி ட்ரேக்கள் பின்சீட்டில். சிக்னலில் நின்றபோது சொன்னான்.

“டேய், ஒண்ணு கேக்கட்டுமா? வேலை விஷயம்.”

“பேசக் கூடாதுன்னுதானே வெச்சிருக்கோம்.”

“போட்டிக்காரன்கிட்ட கேக்கலடா. உன்கிட்ட கேக்கறேன். ரெண்டு நாளாத் தூக்கமில்ல.”

விஷயம் சிறியது. பயன்பெறும் வீடுகளை அவர்கள் இரண்டு பட்டியல்களிலிருந்து எண்ணியிருந்தார்கள். ஒன்று மாவட்டத்தினுடையது, மற்றது நகராட்சியினுடையது. எல்லையில் இருந்த ஒரு தெரு இரண்டு பட்டியலிலும் இருந்தது. ஆக, அந்தத் தெருவின் வீடுகள் எல்லாம் இரண்டு முறை கணக்கில் ஏறிவிட்டன. விண்ணப்பம் போன பிறகுதான் கண்டுபிடித்தார்கள்.

“கான்ட்ராக்ட்ல ஒரு புள்ள வேலை பாக்குதுடா. செம ஷார்ப். அதுதான் கண்டுபிடிச்சுது. திங்கக்கெழமையே வாஷிங்டனுக்கு லெட்டர் போட்டுச் சொல்லிடலாம் சார்ங்குது. நாமளாச் சொன்னா கொஞ்சம் மார்க்குதான் கொறையும், அப்ளிகேஷன் நிக்கும்ங்குது. நீ என்ன சொல்றே?”

மல்லிகை வாசனை தலையைப் பிடித்தது. நான் சொன்னேன்: “விடுடா. நீயாப் போய் எதுக்கு வம்ப வெலைக்கு வாங்கறே? ஒரு தெரு. யாரு உக்காந்து வீடு வீடா எண்ணப் போறாங்க?”

அவன் முகம் தெளிந்தது. “அதான் நானும் நெனச்சேன். சின்னப் புள்ள, பயப்படுது” என்றான். அன்று மாலை அவன் மகள் அற்புதமாக ஆடினாள். செந்தில் மேடையேறி நன்றி சொல்லும்போது என் பெயரையும் சேர்த்துச் சொன்னான்.

அந்த அறிவுரையை நண்பனாகத்தான் சொன்னேனா? சத்தியம் செய்யத் தயார் என்றுதான் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது சத்தியம் செய்யச் சொன்னால் கொஞ்சம் தண்ணீர் கேட்பேன்.

அடுத்த புதன்கிழமை, நம் நியூபோர்ட் அலுவலகத்தின் அந்தப் பெரிய கூட்ட அறை. உங்களுக்குத் தெரிந்த அறைதான்: ஜன்னலில் ஆறு, அதற்கப்பால் மன்ஹாட்டன், சுவரில் பெரிய திரை. மாநில அதிகாரிகள் இருவர், என் அன்றைய மேலாளர், நான். திரையில் வாஷிங்டனிலிருந்து ஒரு செனட்டரின் உதவியாளர். முப்பது வயது இருக்கும். நல்ல டை.

அவர் நேராக விஷயத்துக்கு வந்தார். இந்தச் சுற்றில் முன்னணியில் இருப்பது நாமும் டெக்சஸும்தான். அவர்கள் பக்கம் ஆள் பலம் அதிகம். ஆனால் சரியான இடத்தில் ஒரு கேள்வி கேட்டால், நிதி அலுவலகம் அதைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். “அவர்களுடைய விண்ணப்பத்தில் எங்காவது ஓட்டை இருக்கிறதா? யாருக்காவது தெரியுமா?”

அறையில் நான்கு விநாடி மௌனம்.

நம்மில் பலர் வளர்ந்த விதம் உங்களுக்குத் தெரியும். முதல் பெஞ்சு. வாத்தியார் கேள்வியை முடிப்பதற்குள் கை மேலே போய்விட வேண்டும். பதில் தெரிந்தும் கையைத் தூக்காமல் இருப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இந்த நாட்டில் பதினேழு வருடம் கூட்டங்களில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவன் நான். கணக்கு கேட்பார்கள், தேதி கேட்பார்கள். எல்லோருக்கும் பொதுவாக ஒரு கேள்வி வந்து, அறையிலேயே எனக்கு மட்டும் பதில் தெரிந்திருந்தது அதுவே முதல் முறை.

“வீடுகளை எப்படி எண்ணினார்கள் என்று கேட்கலாம்” என்றது என் குரல். “மாவட்டப் பட்டியலிலும் நகராட்சிப் பட்டியலிலும் ஒரே தெரு வருகிறதா என்று.”

எல்லாத் தலைகளும் திரும்பின. “எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?” என்றார் என் மேலாளர்.

“பொதுவில் கிடைக்கும் வரைபடங்களைப் பார்த்தேன்.”

“பிரமாதம், கதிர்வேல்” என்றார் உதவியாளர். என் முழுப் பெயரையும் ஒரு பிசிறில்லாமல் சொன்னார். பதினேழு வருடத்தில் அந்த அறையில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. எவ்வளவு மலிவாக விலைபோனேன் என்பதை உங்களுக்குப் புரியவைக்கவே இதைச் சொல்கிறேன்.

அன்று பிற்பகல், சொன்ன பொய்யை உண்மையாக்கிவிடலாம் என்று அந்த வரைபடங்களைத் தரவிறக்கம் செய்தேன். கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் பார்த்தேன். இன்ன விஷயம் என்று தெரிந்தும் அந்தத் தெருவை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தப் பெண் கண்டுபிடித்திருக்கிறாள்.

சில வாரங்கள் கழித்து, ஞாயிறு. போன். பின்னால் ஃப்ரீவே இரைச்சல்.

“போச்சுடா. அப்ளிகேஷனையே தூக்கிட்டாங்க. அந்தத் தெருவப் பத்தி நேராக் கேள்வி வந்துச்சு. முன்னாடியே தெரியும்னு ஒத்துக்கிட்டேன். தெரிஞ்சும் ஏன் சொல்லலைன்னு கேட்டாங்க. அதுக்கு என்னத்தச் சொல்றது?”

“ஐயோ” என்றேன். நன்றாகத்தான் சொன்னேன்.

“யாரோ போட்டுக் குடுத்துட்டாங்கடா. அந்தத் தெரு விஷயம் மூணே பேருக்குத்தான் தெரியும். எனக்கு, அந்தப் புள்ளைக்கு, உனக்கு.”

சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். வருகிறது, வரட்டும் என்றிருந்தது. ஒருவகையில் நிம்மதியாகக்கூட இருந்தது.

“அப்ப அவதான்” என்றான் செந்தில். “சொல்லணும் சொல்லணும்னு மொதல்லேர்ந்து குதிச்சது அவதானே? நான் கேக்கலைன்னதும் அவளே எழுதிப்போட்டிருக்கா. நீ சொல்லாதேன்னு சொன்ன ஆளு. நீயா போய்ச் சொல்லுவே?”

இங்கேதான் உங்களை நிறுத்தி வைத்துப் பேச வேண்டும். கூட்ட அறையில் நான் பேசியதற்குப் பழக்கத்தின் மேலும் பெருமையின் மேலும் பழியைப் போடலாம். நான்கு விநாடிதான் இருந்தது என்று சாக்குச் சொல்லலாம். ஆனால் சமையலறையில் யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. ஃப்ரீவேயில் நெரிசல், அவனுக்கு வேண்டிய நேரம் இருந்தது. நான் யோசித்தேன். நிதானமாக யோசித்து, ஒரே ஒரு சொல் சொன்னேன்.

“இருக்கலாம்டா.”

அந்தப் பெண்ணின் ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டார்கள். காரணம் எழுதவில்லை; எழுத வேண்டியதில்லை. விசாவில் இருப்பவர்களுக்கு அதற்குப் பிறகு அறுபது நாள். வேறு வேலை கிடைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். நாற்பதாவது நாள் செந்திலே எனக்குப் போன் செய்தான். “கோவத்துல அனுப்பிட்டேன்டா. பாவம், தூத்துக்குடியில கஷ்டப்படுற குடும்பம். உங்க பக்கம் ஏதாச்சும் இருக்கா? அவ பண்ணுனது தப்பு, ஆனா நல்லா வேலை தெரிஞ்சவ.”

அவள் பெயர் நிவேதா. ஆமாம், உங்கள் நிவேதாதான்.

இப்போது நீங்கள் எழுந்து காபி எடுத்துக்கொண்டு வரலாம். எனக்கும் வேண்டும்.

நான் அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தேன். கதவு கதவாக ஏறி இறங்கினேன். ‘இவளுக்காக நான் உத்தரவாதம்’ என்று மேலாளரிடம் சொன்னேன். நியூ ஜெர்சிக்குக் கிடைத்த அந்த நிதியால் நிறுவனத்தில் என் சொல்லுக்கு மதிப்பு ஏறியிருந்தது. அந்த மதிப்பை வைத்தே அவளை உள்ளே கொண்டுவந்தேன். இரண்டு பெட்டிகளோடு ஜர்னல் ஸ்கொயர் ரயில் நிலையத்தில் வந்து இறங்கினாள். வீடு கிடைக்கும் வரை ஒரு மாதம் எங்களோடு தங்கினாள். வந்த மூன்றாவது நாள், தோசையைப் பிய்த்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று நிமிர்ந்தாள்.

“நான் சொல்லல அங்கிள். சத்தியமா நான் சொல்லவே இல்ல. செந்தில் சார் வேண்டாம்னாங்க, விட்டுட்டேன். அதத்தான் நெனச்சு நெனச்சு அழறேன். சொல்லித்தான் இருக்கணும்.”

“எனக்குத் தெரியும்மா” என்றேன்.

அந்த வருடத்தில் நான் பேசிய ஒரே முழு உண்மை அதுதான். அவள் உடைந்து அழுதாள். “ஒருத்தர்கூட நம்பல அங்கிள். நீங்க ஒருத்தர்தான்.”

அன்று பாத்திரம் தேய்க்கும்போது ரேவதி கேட்டாள். “ஏங்க, அந்தப் பொண்ணு சொல்லலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“முகத்தப் பாத்தாத் தெரியாதா?”

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தண்ணீர்க் குழாயை மூடினாள். அதன் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. நிவேதாவுக்கு மட்டும் தட்டில் எப்போதும் ஒரு கரண்டி கூடுதலாக விழும்.

நீரேற்று நிலையம் நன்றாகக் கட்டப்பட்டது. அடிக்கல் நாட்டிய நாளில் எனக்கும் ஒரு மண்வெட்டி கொடுத்துப் படம் எடுத்தார்கள். அந்தப் படம் நம் வரவேற்பறையில் இருக்கிறது, நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதற்கடுத்த மழைக்காலத்தில் செந்தில் ஒரு படம் அனுப்பினான். அதுவும் ஒரு தெரு. தபால் பெட்டிகளின் தலை மட்டும் வெளியே தெரிந்தது. “அதே தெருதான்டா” என்று எழுதியிருந்தான். நாங்கள்தான் அந்த வீடுகளை இரண்டு தடவை, மூன்று தடவை எண்ணிக்கொண்டிருந்தோம். தண்ணீர் ஒரே தடவையில் எண்ணி முடித்துவிட்டது.

நிவேதா உயர்ந்தாள். அவள் திறமையால் உயர்ந்தாள். அதில் எனக்குப் பங்கில்லை. ஹூஸ்டன் வேலைகள் வரும்போதெல்லாம் அவள் விலகிக்கொள்வதைக் கவனித்திருக்கிறேன். அங்கே இன்னும் ‘அந்தப் பெண்’ என்றுதான் பேச்சு. எங்காவது பரிந்துரைக்கு முன்னாள் மேலாளர் பெயர் கேட்டால், செந்திலுக்குப் பதில் என் பெயரைத்தான் கொடுப்பாள். என் ஓய்வு விழாவில் பேசும்போது, நேர்மை என்றால் என்னவென்று என்னைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டதாகச் சொன்னாள். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினீர்கள். நானும் எழுந்தேன், உட்கார்ந்திருக்க முடியவில்லை. பொன்னாடைக்குள் வியர்த்துக் கொட்டியது.

இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். நேரில் சொல்லிவிடலாம் என்று அவள் வீட்டுக்கு மூன்று முறை போனேன். மூன்று முறையும் கதவைத் திறந்ததும், “வாங்க அங்கிள், காபி போடட்டுமா?” என்றாள். நல்ல காபி. குடித்துவிட்டு வந்துவிட்டேன். நேரில் முடியாதவன் எழுத்தில் சொல்வது வீரம் இல்லை என்று எனக்குத் தெரியும். மூன்று காபிக்குப் பிறகு என்னிடம் மிச்சமிருந்தது எழுத்து மட்டும்தான்.

பாடம் ஒன்று சொல்ல வேண்டும் என்பது இத்தகைய கட்டுரைகளின் வழக்கம். உங்களிடம் நாளைக்கு யாராவது, எதிர்த் தரப்பு பற்றி ஏதாவது தெரியுமா என்று கேட்பார்கள். திரையில் நல்ல டை அணிந்தவராக இருப்பார். உங்களுக்குத் தெரிந்திருக்கும். நம் ஆட்கள் எல்லா மாநிலத்திலும் இருக்கிறோம். கல்யாணத்திலும் அரங்கேற்றத்திலும் ஒரே பந்தியில் உட்கார்கிறோம். எது தெரியும் என்பதற்கு முன்னால், அது தெரியவந்தபோது உங்கள் மடியில் என்ன இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். என் மடியில் ஒரு குழந்தையின் அரங்கேற்றத்துக்கான பூ இருந்தது. அதையும் மீறி வாயைத் திறந்துவிட்டால், அடுத்த ஞாயிறு வரும் தொலைபேசியிலாவது உண்மையைச் சொல்லுங்கள். முதல் தவறு எனக்கு நான்கு விநாடி பிடித்தது. இரண்டாவதை எட்டு வருடம் தினமும் செய்துகொண்டிருந்தேன்.

நேற்று ஞாயிறு. செந்தில் போன் செய்தான். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, நானும் ரேவதியும் ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிட வேண்டும் என்றான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். வண்டியை ஓரம் கட்டியிருக்க வேண்டும். இண்டிகேட்டர் ‘டிக் டிக்’ என்று அடித்துக்கொண்டிருந்தது மட்டும் கேட்டது. நான் முடித்த பிறகும் வெகுநேரம் அதுதான் கேட்டது. திட்டுவான் என்று காத்திருந்தேன்.

“அந்தப் புள்ள நம்பர் இருக்கா?” என்றான்.

அவளைக் கேட்காமல் தர முடியாது என்றேன். “கேட்டுச் சொல்லு” என்று வைத்துவிட்டான்.

இந்தக் கட்டுரையை நிவேதாவுக்கு மட்டும்தான் அனுப்புகிறேன். மற்றவர்களே, இது உங்கள் கைக்கு வந்திருந்தால், உங்களுக்குக் கொடுக்கலாம் என்று அவளே முடிவு செய்திருக்கிறாள் என்று அர்த்தம். நெருக்கடியில் சரியான முடிவு எடுத்தவர் யார் என்று தெரிந்துகொள்ள விரும்பினால் அவளிடம் கேளுங்கள். திங்கட்கிழமையே லெட்டர் போடலாம் சார் என்று சொன்னவள் அவள்தான்.

நிவேதா, உன் நம்பரைக் கொடுக்கலாமா?